நிழற்குடையோடு மேடேறிய வெள்ளம்

அனுப்புநர்
மு. தணிகாசலம் (வயது 77),
முத்திரை ஆய்வர், எடை அளவுகள் பிரிவு (ஓய்வு பெற்ற நாள் 31.05.2006),
எண் 4, மேட்டுத் தெரு,
ஆலந்தண்டலம் கிராமம்,
மணிமங்கலம் வழி.

பெறுநர்
உயர்திரு தனி அலுவலர் அவர்கள்,
பிடாரியாற்றுப் பாலப் பணி,
ஒரகடம்.

பொருள்: பிடாரியாற்றுப் பாலம் – இடத்தேர்வுக்கு முன் நடந்த தொல்லியல் மற்றும் சுற்றுச்சூழல் ஆய்வு – பொங்கல் அடுப்பு பழங்கால அடுப்பாகவும், இடம் மாறிய பேருந்து நிழற்குடை வெள்ளச் சாட்சியாகவும் ஏற்கப்பட்டமை – அதன் விளைவாகப் பாலம் கீழத்தெருப் பள்ளத்துக்கு மாற்றப்பட்டமை – பூமி பூஜைக்கு முன் நேரில் வந்து பார்வையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஆய்வு நிறுவனத்தின் இறுதி அறிக்கை, நாள் 31.06.2025 (இந்த நாளைப் பற்றிப் பத்தி 1 காண்க).
2. கருத்துக் கேட்புக் கூட்டம், நாள் 12.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மேலே பார்வை ஒன்றில் கண்ட அறிக்கையின் அட்டையில் நாள் 31.06.2025 என்று அச்சாகியுள்ளது. ஜூன் மாதத்துக்கு முப்பது நாட்களுக்கு மேல் இதுவரை யாரும் வழங்கியதாகத் தெரியவில்லை. இல்லாத ஒரு நாளில் கையொப்பமான அறிக்கை எந்தக் காலில் நிற்கும் என்பதைத் தங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முழுவதும் இதிலேயே கழிந்தது. தலைமை வகித்த அலுவலர், "மீதிய எழுதிக் குடுத்துடுங்க ஐயா" என்று அன்போடு உட்காரவைத்தார். வீடு திரும்பும் வழியில் என் மனைவி சுந்தராம்பாள், "வெள்ளம் வந்து வூட்டுக் கதவத் தட்டினாக்கூட, இன்னா தேதி போட்டுகினு வந்தேன்னு அத நிக்க வெச்சிக் கேப்பீங்க" என்று கருத்துத் தெரிவித்தார். அவர் கூற்றில் உண்மை இருக்கலாம் என்பதால், கூட்டத்தில் விடுபட்ட மீதியை இங்கே முறைப்படி சமர்ப்பிக்கிறேன். இம்மனுவில் பிறர் பேசிய சொற்களைப் பேசியவாறே தருகிறேன். அவற்றின் இலக்கணத்துக்கு நான் பொறுப்பல்ல.

2. முதலில் எங்கள் ஊரின் அமைப்பு. பிடாரியாறு ஊருக்குக் கிழக்கே வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. வடக்கே மேட்டுச் சாலையை ஒட்டி மாந்தோப்பு. அங்கே கரை உயர்ந்தும் ஆறு குறுகியும் இருக்கும். அங்கிருந்து தெற்கே நானூறு மீட்டர் இறங்கினால் கீழத்தெரு. அதை ஒட்டி ஒரு பள்ளம். ஆறு கரை மீறும் ஆண்டுகளில் தண்ணீர் முதலில் புகுவது கீழத்தெருவில்தான். அது வடிந்து ஏரிக்குப் போவதும் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். வீட்டு முற்றத்துக்குத் தண்ணீர்ப்போக்கி எப்படியோ, எங்கள் ஊருக்கு அந்தப் பள்ளம் அப்படி.

3. நாங்கள் பாலத்துக்கு எதிரிகள் அல்லர். ஆற்றின் அக்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஒரகடத்துத் தொழிற்சாலைக்குப் போக எங்கள் பிள்ளைகள் பதினொரு கிலோமீட்டர் சுற்றுகிறார்கள். பாலம் வேண்டுமென்று 19.02.2018 அன்று முதல் மனுவைக் கொடுத்தவனே நான்தான். அப்போது வரைந்த திட்டத்தில் பாலம் மாந்தோப்பருகே இருந்தது. ஊரில் இரண்டு கட்சி உண்டு, மூன்று சங்கம் உண்டு, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே கருத்து இருந்தது. அந்த ஒற்றுமையைக் குலைத்த பெருமை மேற்படி அறிக்கையைச் சாரும்.

4. பாலம் கட்டுமுன் ஆற்று வெள்ளச் சமவெளியில் பழம்பொருள் உண்டா, வெள்ளம் எவ்வளவு வரும், உயிரினங்கள் எவை என்று ஆராய வேண்டுமென்பது நல்ல விதி. அதன்படி ஆய்வுக் குழு 05.05.2025 முதல் 23.05.2025 வரை எங்கள் ஊரில் தங்கியது. தொல்லியலுக்குத் திரு. ஹேமந்த், சுற்றுச்சூழலுக்குச் செல்வி தென்றல். இருவரும் இளையவர்கள், பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லத் தெரிந்தவர்கள். அவர்கள் மீது நான் எந்தக் குற்றமும் சுமத்தவில்லை. நடந்ததை மட்டுமே சொல்கிறேன். அது குற்றம்போல் ஒலித்தால், அது நடந்ததன் குறை. அந்த நாட்களில் நான் கண்புரை அறுவைக்காகத் தாம்பரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். 26.05.2025 அன்று ஒரு கண் தெளிந்து ஊர் திரும்பியபோது, குழிகளும் மூடப்பட்டிருந்தன, முடிவுகளும் மூடப்பட்டிருந்தன.

5. சிறியதை முதலில் முடித்துவிடுகிறேன். அறிக்கையின் பக்கம் 23இல் "மீனினங்கள்: இல்லை" என்று உள்ளது. கத்திரி வெயிலில், 14.05.2025 அன்று நண்பகலில் பார்த்து எழுதியது. அன்று ஆற்றில் மீன் இல்லை என்பது உண்மை. அன்று ஆற்றில் ஆறும் இல்லை. இதனால் யாருக்கும் பெரிய தீங்கு இல்லையாகையால் மேலே செல்கிறேன்.

6. பக்கம் 41. மாந்தோப்பில் தோண்டிய குழிகளில் "சாம்பலும் விலங்கு எலும்பும் அடுக்கடுக்காக நிறைந்து, மேலே மண்கலயம் கவிழ்த்து மூடப்பட்ட சடங்கு அடுப்புகள்" கிடைத்தனவென்றும், அவை நீண்ட காலம் தொடர்ந்து வழக்கிலிருந்த ஒரு வழிபாட்டைக் காட்டுவதாகவும், ஆகவே மாந்தோப்பு பாதுகாக்கப்பட வேண்டுமென்றும் அறிக்கை பரிந்துரைக்கிறது.

வழிபாடு என்பதில் எனக்கு மறுப்பில்லை. காணும் பொங்கலன்று ஊர் முழுவதும் மாந்தோப்பில்தான் கறி சமைக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே ஒரு குழி உரிமை உண்டு. சென்ற ஆண்டு மூடிய குழியையே இந்த ஆண்டும் திறப்போம். சமைத்த மண்சட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் கிடையாது. சாம்பலையும் எலும்பையும் குழியில் தள்ளி, நாய் கிளறாதபடி சட்டியை அதன்மேல் கவிழ்த்து மண் மூடிவிடுவோம். அடுக்கடுக்காக இருப்பதன் காரணம், பொங்கல் ஆண்டுக்கொருமுறை வருவது.

அச்சாம்பலின் வயதை அறிய மாதிரிகள் வெளிமாநில ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவும், முடிவு வர மாதங்கள் ஆகுமென்றும் அறிக்கை கூறுகிறது. காத்திருக்கும் சிரமத்தைக் குறைக்க நானே தெரிவித்துவிடுகிறேன். குழி 3இன் மேலடுக்கு 16.01.2025. அது எங்கள் குழி. கறி சற்று அடிபிடித்துவிட்டது. அறிக்கை "அதிக வெப்பத்தில் கருகிய எலும்புகள்" என்று குறிப்பிடுவது இதையே. அதே குழியருகே கண்டெடுத்த "கலய ஓட்டில் தேய்த்துச் செய்த அரிய சுடுமண் வட்டுகள்", அன்று பிற்பகல் என் மனைவியும் அடுத்த வீட்டுக் கங்கா அம்மாளும் பாண்டி ஆடிய சில்லுகள். எழுபது வயதில் நொண்டியடிக்கக் கூடாது என்று விதி ஏதுமில்லை. ஆட்டம் தகராறில் நின்றதால் சில்லுகள் தோப்பிலேயே விடப்பட்டன. மேல்நிலை ஆய்வு முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தர ஆவன செய்யுமாறு சுந்தராம்பாள் கேட்டுக்கொள்கிறார். அவர்தான் ஜெயித்ததாக இன்றும் சாதிக்கிறார்.

7. இனி, உண்மையிலேயே பழைய பொருள் எங்கே இருக்கிறது என்பது. கீழத்தெருப் பள்ளத்தின் ஓரம், ஒரு வேம்பின் அடியில், பாதி மண்ணில் புதைந்த பெருங்கற்கள் வட்டமாக நிற்கின்றன. ஊரில் அதற்குப் பாண்டவக் குழி என்று பெயர். இறந்தவர்களைப் புதைத்து அதைச் சுற்றிக் கல் நட்ட மிகப் பழங்கால வழக்கத்தின் மிச்சம் இது என்று, 09.08.1983 அன்று எங்கள் ஊருக்கு வந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் என் முன்னிலையில் கூறினார். இந்த வட்டாரத்தில் இவ்வகைக் கல்வட்டங்கள் உண்டு என்பது தொல்லியல் படித்தவர்கள் அறிந்ததே.

ஆய்வுக் குழுவும் அவ்விடத்தை அறியாமலில்லை. தினமும் அங்கேதான் மதிய உணவு உண்டது. வேம்பின் நிழல் இருந்தது, உட்கார வாகாகக் கற்கள் இருந்தன. வட்டத்தின் நடுவே சாமியானா கட்டி, அதன் கம்புகளை ஊன்றக் குழியும் போட்டார்கள். அந்தக் குழியிலிருந்து வந்த மண்ணைப் பார்க்கவேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அது தோண்டுவதற்காகக் குறித்துக் கொடுத்த இடமல்லவே.

உணவு கொடுத்தவர் கீழத்தெருவில் மெஸ் நடத்தும் சசிகலா. ஷிஃப்ட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காலையில் இட்லியும் மதியத்துக்குப் பார்சலும் அவர் கைச்சமையல்தான். இரண்டாம் நாளே அவர் ஹேமந்திடம், "சார், நீங்க குந்திகினு துன்றீங்களே, அந்தக் கல்லுதான் சார் பழசு. அங்க தோண்டிகினு கீறது எங்க மாமனார் துன்னுட்டுப் போட்ட எலும்பு" என்று தெளிவாகக் கூறியிருக்கிறார். ஹேமந்த் மனம்விட்டுச் சிரித்து, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டிருக்கிறார். சசிகலா ரசத்தை ஊற்றிவிட்டு, "சிரிங்க சார், சிரிங்க. எலும்புக்கு லேபிள் ஒட்டி அனுப்பும்போது எங்க மாமனார் பேரையும் சேத்து எழுதிடுங்க, மறக்காதீங்க" என்றாராம்.

மேற்படி அறிக்கையின் தலையாய தொல்லியல் சான்று பக்கம் 41இல் இல்லை. அது பக்கம் 88இல், படம் 14ஆக உள்ளது. படத்தின் தலைப்பு: "குழுவினரின் உணவு இடைவேளை". கற்கள் மிகத் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஒரு கல்லின் மேல் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி இத்துடன் இணைத்துள்ளேன்.

8. அடுத்தது நிழற்குடை. இம்மனுவின் உயிர்நாடி இதுவாகையால் நாள் வாரியாகத் தருகிறேன்.

14.08.2014 அன்று, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்று தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு பேருந்து நிழற்குடையை அளித்தது. நான்கு இரும்புக் கால்கள், தகரக் கூரை, பின்பக்கம் தகரத் தட்டி. கம்பெனிப் பேருந்து அப்போது கீழத்தெரு முனை வரை வந்ததால் அங்கே நிறுவப்பட்டது.

02.12.2015 அன்று வெள்ளம். தண்ணீர் வடிந்தபின் தட்டியில் சேற்றுக்கறை படிந்திருந்தது. 20.12.2015 அன்று அந்தக் கறையின் மேல் நீலப் பெயிண்டில் கோடு போட்டு, நாளையும் எழுதியவர் டில்லிபாபு. மண்ணூரில் ஹைட்ரா கிரேன் ஓட்டுபவர், கீழத்தெருக்காரர். கோட்டின் தடிமன் நான்கு விரற்கடை. வெள்ளம் அதன் மேல் விளிம்பா, கீழ் விளிம்பா என்று நான் அன்றே வினவினேன். "முழுவிப் போறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்யா" என்று பதிலளித்தார். முப்பது ஆண்டுகள் தராசுகளையும் படிகளையும் சோதித்த எனக்கு அந்தப் பதில் நிறைவளிக்கவில்லை. கீழ் விளிம்பைக் கணக்கில் கொண்டு, தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் என்று அளந்து வைத்தேன்.

பின்னர் கம்பெனிப் பேருந்துகள் நீண்டுவிட்டன. கீழத்தெரு முனையில் அவற்றால் திரும்ப முடியவில்லை. மேட்டுச் சாலையிலேயே நின்றுகொண்டன. வெயிலில் நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், 23.06.2019 ஞாயிறன்று டில்லிபாபு தம் கிரேனைக் கொண்டுவந்து, நிழற்குடையை அலாக்காகத் தூக்கி, மேட்டுச் சாலையில், மாந்தோப்புக்கு எதிரே கொண்டுபோய் நட்டார். கோடும் கூடவே போயிற்று. இரண்டு இடங்களுக்கும் உயர வேறுபாடு மூன்று மீட்டர். எங்கள் ஊர் வெள்ளம் அன்று ஒரே நாளில் மூன்று மீட்டர் உயர்ந்தது. ஒரு சொட்டு மழை இல்லை.

15.05.2025 அன்று செல்வி தென்றல் அந்த நிழற்குடையில் நின்றுகொண்டு, அங்கிருந்தவர்களிடம் 2015இல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டிருக்கிறார். கேட்கப்பட்ட நால்வரும், "இதோ நிக்கிறீங்களே மேடம், இந்தக் கோடு வரிக்கும்" என்று தட்டியைத் தட்டிக் காட்டியிருக்கிறார்கள். நான்கு தனித்தனிச் சாட்சியங்கள் ஒத்துப்போவதாக அறிக்கை மகிழ்ச்சி தெரிவிக்கிறது. அந்த நால்வரும் பொய் சொல்லவில்லை. தண்ணீர் அந்தக் கோடு வரைக்கும்தான் வந்தது. கோடு எங்கே இருந்தது என்று மேடமும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் என் ஒருவனுக்குத்தான் உண்டு, நான் தாம்பரத்தில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன்.

பின்னர் இதைப் பற்றி நால்வரில் ஒருவரைக் கடிந்துகொண்டபோது, "அவங்க கோடு இன்னா உயரம்னு கேட்டாங்க, சொன்னோம். ஷெல்டர் எந்த ஊர்லர்ந்து வந்துச்சின்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்போம், இன்னாத்துக்குக் கத்துறீங்க" என்று என்னையே திருப்பிக் கடிந்துகொண்டார்.

அறிக்கையின்படி மேட்டுச் சாலையில் ஒரு மீட்டர் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றிருந்தால், கீழத்தெருவின் ஒற்றைத் தள வீடுகளின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கெண்டை மீன் நீந்தியிருக்க வேண்டும். அப்படி நீந்தியதாகத் தகவல் இல்லை. அறிக்கையின் பக்கம் 23ஐ நம்பினால், நீந்த மீனும் இல்லை.

9. கீழத்தெரு முனையில் நிழற்குடையின் பழைய அடித்தளமும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு இரும்பு போல்ட்டுகளும் இன்றும் உள்ளன. சசிகலா அவற்றில் ஆடு கட்டுகிறார். இதையும் ஆய்வுக் குழு விடவில்லை. பக்கம் 52இல் ஹேமந்த், "பயன்பாடு அறியப்படாத நான்கு இரும்பு ஆணிகள், நவீன காலம்" என்று பதிவு செய்துள்ளார். நிழற்குடையைப் பக்கம் 31இல் தென்றல் பதிவு செய்துள்ளார். இரண்டு பக்கங்களையும் எதிரெதிரே வைத்து யாரேனும் ஒருமுறை படித்திருந்தால், இந்த மனுவுக்கே தேவை இருந்திருக்காது.

10. விளைவு. மாந்தோப்பில் பழம்பொருளும் பெருவெள்ளமும் உண்டு, குழியும் தோண்டாத, கோடும் இல்லாத பள்ளத்தில் இரண்டும் இல்லை என்கிறது அறிக்கை. ஆகவே பாலம் பள்ளத்துக்கு. உண்மையோ தலைகீழாக நிற்கிறது. பள்ளத்தின் குறுக்கே அணுகுசாலைக்காக நூற்றெண்பது மீட்டர் நீளத்துக்கு, நான்கு மீட்டர் உயர மண்கரை எழும்பப் போகிறது. அந்த இடத்தில் வெள்ளமே வராது என்று எழுதப்பட்டிருப்பதால், தண்ணீர் போக இரண்டு சிமெண்ட் குழாய்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆடு குனியாமல் நுழையலாம், இரண்டு ஆடு என்றால் சண்டை வரும். கல்வட்டம் கரைக்கு அடியில் போகும். அதை விடவும் எங்களுக்குப் பெரிய கவலை, கீழத்தெருவின் அறுபத்திரண்டு வீடுகளிலும் புகும் தண்ணீர் வெளியே போக வழி இராது என்பது.

11. அந்த வழி இருந்ததனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். 02.12.2015 காலை சசிகலாவுக்கு இடுப்புவலி கண்டது. தெருவில் நெஞ்சளவு தண்ணீர். மெஸ்ஸின் பிரியாணி அண்டாவில் அவரை உட்காரவைத்து, டில்லிபாபு நீரில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். நான் மேட்டுச் சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆடாம குந்துக்கா! அண்டா வாடகை அண்டா, ஒடுக்கு விழுந்தா கடைக்காரன் உன்னத் தேடி வருவான்" என்று அவர் சத்தம் போட்டதும், அந்த வலியிலும் சசிகலா, "கடைக்காரன் கெடக்கிறான், நீ பாத்துத் தள்ளுடா பாவி" என்று பதில் சத்தம் போட்டதும் எனக்கு இன்றும் கேட்கிறது. மேட்டில் நின்றிருந்த கம்பெனிப் பேருந்தில் மறுநாள் காலை பெண் குழந்தை பிறந்தது. நிலா என்று பெயர் வைத்தார்கள்.

வயதான அவர் மாமியார் அண்டாவில் ஏற மறுத்து, வீட்டிலேயே கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று மாலைக்குள் தண்ணீர் இடுப்புக்கும், மறுநாள் முழங்காலுக்கும் இறங்கியது. பள்ளம் இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அவர் தாமே நடந்து வந்து பேத்தியைப் பார்த்தார். பள்ளம் அடைபட்டிருந்தால் தண்ணீர் எத்தனை நாள் நின்றிருக்கும், இரண்டாவது கட்டிலின் உயரம் போதுமாயிருந்திருக்குமா என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. அந்தக் கணக்கை இங்கே எழுத விரும்பவில்லை.

12. படம் 14ஐப் பெரிதாக்கி 18.08.2025 அன்று திரு. ஹேமந்தின் கைபேசிக்கு அனுப்பினேன். 21.08.2025 அன்று அவரே அழைத்தார். "ஐயா, ஊறுகாய் பாட்டில் என்னோடதுதான். படத்தப் பார்த்ததுலேர்ந்து சாப்பாடு இறங்கல. அது கல்வட்டந்தான். அறிக்கைய நானா திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது. ஆபீஸ்லேர்ந்து எழுத்து மூலமா ஒரு கேள்வி வந்தா உள்ளபடி பதில் எழுதுறேன், தென்றலும் எழுதுவா" என்றார். சசிகலா அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். சொன்னேன். "தோ, இப்பவாவது ரசம் மூளைக்கு ஏறிச்சே" என்றார் சசிகலா. ஆகவே, தவறு செய்தவர்களே திருத்தத் தயாராக உள்ளனர். கேள்வி ஒன்றுதான் குறைகிறது. அதைக் கேட்கும் அதிகாரம் தங்களுக்கே உண்டு.

13. பள்ளத்தில் பூமி பூஜை 11.09.2025 வியாழனன்று என அறிகிறேன். தேங்காய் உடைந்துவிட்டால் பின்னர் எந்த உண்மையும் தாமதமான உண்மையாகிவிடும். ஆதலால் அதற்குமுன் கீழ்க்கண்டவாறு ஆணையிட வேண்டுகிறேன்: பூஜையை ஒத்திவைத்தல், ஹேமந்த், தென்றல் இருவரிடமும் எழுத்து மூலம் விளக்கம் பெறுதல், பாண்டவக் குழியைத் தொல்லியல் துறையினரைக் கொண்டு முறைப்படி பார்வையிடச் செய்தல், வெள்ள மட்டத்தைப் பழைய அடித்தளத்திலிருந்து மீண்டும் அளத்தல், பாலத்தைப் பழைய திட்டப்படி மாந்தோப்பருகே அமைத்தல். பாலத்துக்காகப் பொங்கல் அடுப்புகளை இடம் மாற்ற ஊரார் சம்மதிக்கின்றனர். சட்டி கவிழ்க்கும் இடத்தில் எங்களுக்குப் பிடிவாதம் இல்லை. அறுபத்திரண்டு வீட்டாரின் ஒப்பமும் கைநாட்டும் இத்துடன் உள்ளன.

14. இதனிடையே ஒரு தகவல். 07.09.2025 ஞாயிறன்று டில்லிபாபு தம் கிரேனோடு வந்து நிழற்குடையை மறுபடியும் கீழத்தெரு முனைக்கே கொண்டுவரவிருக்கிறார். மேட்டில் வைக்கும்போது யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, ஆகவே எடுக்கவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது அவருடைய சட்ட விளக்கம். நான் இதை ஏற்கவில்லை. ஆனால் மறுக்கும் விதியும் அகப்படவில்லை. புதிய பாலம் வரும்வரை பேருந்துக்கு வெயிலில் நிற்கிறோம் என்று பெண்கள் கூறிவிட்டனர். சாட்சியைக் கலைத்தார்கள் என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம். ஆகவே அன்று தாங்களே நேரில் வந்து, தூக்குமுன் ஒருமுறையும் இறக்கியபின் ஒருமுறையும் அளந்துகொள்ள வேண்டுகிறேன். கால்களின் துளைகள் நான்கும் பழைய போல்ட்டுகள் நான்கிலும் தட்டாமல் இறங்குவதைத் தங்கள் கண்ணால் காணலாம். ஞாயிறு விடுமுறை என்பதை அறிவேன். ஆறு விடுமுறை பார்ப்பதில்லை, வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஆறு வாரமே உள்ளது.

15. மதிய உணவுக்குக் கவலை வேண்டாம். சசிகலா சமைக்கிறார். பந்தி பாண்டவக் குழியில். இருக்கைகள் அங்கே ஏற்கெனவே உள்ளன. உட்காருமுன் எதன்மேல் உட்காருகிறோம் என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு உட்காருமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

16. இறுதியாக ஒன்று. சசிகலாவின் மகள் நிலாவுக்கு வரும் 03.12.2025 அன்று பத்து வயது நிறைகிறது. ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் அவள் மேட்டுச் சாலைக்கு வந்து, நிழற்குடைத் தட்டியில் முதுகை ஒட்டி நின்று, கோட்டுக்குத் தன் உயரத்தைப் பார்ப்பது வழக்கம். அளப்பவன் நான். 15.08.2025 அன்று கோட்டின் கீழ் விளிம்புக்கு அவள் மூன்று சென்டிமீட்டர் குறைவு. "பொங்கலுக்குள்ள தாண்டிடுவேன் தாத்தா, அப்பறம் எந்த வெள்ளம் வந்தாலும் நான் நின்னுகினே இருப்பேன்" என்றாள். அவள் தாண்டுவாள், அதில் எனக்கு ஐயமில்லை. பள்ளத்தில் கரை எழுந்துவிட்டால், கோடு மறுபடியும் அவளைத் தாண்டிவிடும்.

நிழற்குடை தன் பழைய இடத்தில் இறங்கியதும் நிலா அதனடியில் வந்து நிற்பாள். அளவுகோலை நான் கொண்டு வருகிறேன். அவள் தலைக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள தொலைவைத் தாங்களே தங்கள் கையால் அளந்து, கோப்பில் எழுதி, ஒப்பமும் நாளும் இட வேண்டுகிறேன். செப்டம்பர் மாதத்துக்கு முப்பது நாட்கள்.

தங்கள் வருகைக்காகச் சாலையில் காத்திருக்கும்,

(ஒப்பம்) மு. தணிகாசலம்

இடம்: ஆலந்தண்டலம்
நாள்: 01.09.2025, திங்கட்கிழமை